லைனக்காவின் காது

லைனக்காவைப் பற்றிப் பேசுவதென்றால் அவளுடைய இடது காதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வலது காதைவிட அது கொஞ்சம் தட்டை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்த நாள் முதல் ஹெட்போன் அழுத்திய அழுத்தில் மடல் அப்படியே படிந்து போயிற்று. "எல்லாருக்கும் சட்டையைத்தான் இஸ்திரி போடுவாங்க, உனக்குக் காதைப் போட்டுட்டாங்க" என்று அவள் வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார். செய்ய அவருக்கு உரிமை உண்டு. அதே எக்ஸ்சேஞ்சில் பாட்டரி அறையைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அவர். அந்தக் காதைப் பார்த்துத்தான் மயங்கினாராம். மனுஷருக்கு மயங்க வேறு இடமே கிடைக்கவில்லை.

அந்த எக்ஸ்சேஞ்ச் கூடம் இப்போது இல்லை. இருந்த காலத்தில் எப்படி இருந்தது என்று லைனக்கா சொல்லிக் கேட்க வேண்டும். சுவரை அடைத்துக்கொண்டு மரப்பலகைகள், பலகை நிறைய ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டி விளக்கு. விளக்கு எரிந்தால் ஒயரை இழுத்துச் செருகி "எந்த நம்பர்?" என்று கேட்க வேண்டும். உயரமான நாற்காலிகளில் பெண்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் சூப்பர்வைசர் அம்மா நடந்துகொண்டே இருப்பார். அவர் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்தால் பேச்சு நிற்கும், தூரப் போனால் மறுபடி தொடங்கும். மழைக்காலத்தில் லைன் எல்லாம் இரையும். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும். இத்தனை கஷ்டத்திலும் அதைப்போல ஒரு சந்தோஷமான இடத்தை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்துவிட்டார்களா என்று ஒரு நொடி கேட்டுப் பார்த்துவிட்டு, விசையை மேலே தள்ளி லைனிலிருந்து விலகிவிட வேண்டும். தள்ளாமல் விட்டால் முழுக் கதையும் காதில் விழும். விவரமானவர்கள் பேச்சைத் தொடங்குமுன் "லைன்ல வேற யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு அதட்டல் போடுவார்கள். எந்த ஆபரேட்டர் "ஆமாங்க, இருக்கேன்" என்று சொல்லப் போகிறாள்? மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பாள், அவ்வளவுதான்.

லைனக்காவும் ஒரு நாள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள்.

அவளுக்கு ஒரு அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் எல்லோரும் மூத்தவள் என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டவள். மழை பெய்தால் ஜன்னலோரம் போய் நின்று கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். தெரு விளக்கெல்லாம் கரைந்து பெரிசு பெரிசாகத் தெரியுமாம். "உனக்கெல்லாம் கண்ணு நல்லா இருக்கு, பாவம், உனக்கு இது கிடைக்காது" என்று தங்கையைப் பார்த்து உச்சுக் கொட்டுவாள். தங்கைக்கு அவள் என்றால் உயிர். மூத்தவள் எதைச் செய்தாலும் இவளும் செய்வாள். நல்ல கண்ணைச் சுருக்கிச் சுருக்கி மழையைப் பார்த்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அன்றைக்கு ஒரு வெளியூர் கால். தபால் ஆபீஸ் போன் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல். ஒயரைச் செருகும்போதே தெரிந்துவிட்டது, மூத்தவள். எதிர்முனையில் ஓர் ஆண், யாரோ ஒரு புகைப்படக்காரர். விசையில் கை வைத்தாள். தள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ரயிலேறிப் போய் அந்தப் புகைப்படக்காரரைக் கல்யாணம் செய்துகொள்வது என்று இரண்டு பேரும் பேசி முடித்ததைக் கடைசிச் சொல்வரை கேட்டாள். அக்கா தன்னை விட்டுப் போகப் போகிறாள் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கொட்டிவிட்டாள்.

அப்புறம் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அப்பா மூத்தவளை அறைக்குள் வைத்துப் பூட்டினார். புகைப்படக்காரர் ஸ்டேஷனில் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். பூட்டைத் திறந்ததும் மூத்தவள் தூரத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அம்மா செத்தபோது வந்தாள், எல்லோரிடமும் பேசினாள். தங்கை கிட்டே போனபோது மட்டும் எழுந்து நின்று, "இவ காது இருக்கிற இடத்துல நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போட்ட கடிதம் எல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தது. லைனக்காவின் வாழ்க்கையில் மற்ற எல்லாம் நடந்தது. கல்யாணம் நடந்தது, ஒரு மகள் பிறந்தாள், அவளும் படித்து வெளிநாடு போனாள். இது ஒன்று மட்டும் முள்ளாகத் தொண்டையிலேயே நின்றது.

எக்ஸ்சேஞ்ச் ஊழியர்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருந்தது. எதிரெதிரே இரண்டு கட்டடம், நடுவில் ஒரு சந்து. சாயங்காலமானால் அத்தனை பேரும் அந்தச் சந்தில்தான். துணி மடித்துக்கொண்டே ஒருத்தி, சைக்கிளைத் துடைத்துக்கொண்டே ஒருத்தர், சண்டைக்கென்றே இறங்கி வரும் இன்னும் சிலர். முன்வாசல் பக்கம் டெய்லர் கடை. அழ வேண்டும், ஒளிந்து சிகரெட் பிடிக்க வேண்டும், யாருமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றால் மொட்டை மாடி. அங்கே யாரைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி திரும்பிவிட வேண்டும், கீழே வந்து மூச்சுக்கூட விடக் கூடாது. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவர்களும் இல்லை. தன் வீட்டுக்காரர் மாடியில் சிகரெட் பிடிப்பது லைனக்காவுக்குக் கடைசிவரை தெரியாது என்பதுதான் இன்றுவரை அவர் நினைப்பு.

காலம் மாறியது. பலகைகளைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். ஆபரேட்டர்களைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் முனகிக்கொண்டே போனார்கள். லைனக்காவுக்கு மட்டும் அது வெல்லக்கட்டியாக இருந்தது. இங்கிருந்து அங்கே ஒன்றைச் சேர்த்துவிடுவதுதானே, ஒயர்தான் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஜாலியாகப் படித்தாள். ஓய்வு பெறும்போது இலாகாவின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்க்கும் ஆளாக இருந்தாள். அதே வருஷம் குடியிருப்பையும் இடித்தார்கள். இடித்த அன்று எல்லோரும் போய் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சந்து போச்சு, மாடி போச்சு, ஆட்கள் மூலைக்கு ஒருவராகச் சிதறிப் போனார்கள்.

ஊரே பயன்படுத்துகிற ஒரு செயலியில் பழைய ஆட்கள் ஒரு குழு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அம்மா ஒரு நாள் அதில், மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்து ஆகிவிட்டது என்று மனசு தாங்காமல் எழுதினார். மறுநாளே அவர் போனைத் திறந்தால் வக்கீல் விளம்பரம், மறுமண விளம்பரம், மன உளைச்சலுக்கு மாத்திரை விளம்பரம். அந்த அம்மா ஆடிப் போய்விட்டார்.

லைனக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. "லைன்ல எவனோ உக்காந்து கேக்கிறான். கேட்டது போதாதுன்னு ஊர் பூரா விக்கிறான்" என்று வீடு அதிரக் கத்தினாள். வீட்டுக்காரர் தேநீர் டம்ளரோடு உள்ளறைக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரியும், அவள் திட்டுவது எவனையோ மட்டும் அல்ல.

அப்படிப் பிறந்ததுதான் புதிய சந்து. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று யாரோ புண்ணியவான்கள் இலவசமாக விட்டிருந்த மென்பொருளை எடுத்து, மகளோடு வீடியோவில் உட்கார்ந்து மாதக்கணக்கில் தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். சாமான் அறையைக் காலி செய்து அங்கே ஒரு கம்ப்யூட்டரை வைத்தாள். அது சூடாகாமல் இருக்க வீட்டிலேயே நல்ல மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினாள். "எனக்கு வேர்த்தாப் பரவாயில்ல, அதுக்கு வேர்க்கக் கூடாது" என்று வீட்டுக்காரர் புலம்பினார். சந்தில் சேர வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒருவர் கைகாட்டினால் போதும். யார் யாரைக் கொண்டுவந்தார்கள் என்று எங்கேயும் பதிவாகாது. விளம்பரம் கிடையாது. யார் எதைப் படித்தார்கள் என்ற கணக்கு கிடையாது. இரண்டு பேர் தனியாகப் பேசுவதை நடுவில் இருப்பவளாலும் திறக்க முடியாது. செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை வெள்ளையடிப்பு. பழைய பேச்செல்லாம் சுவரிலிருந்து அழிந்துவிடும், வேண்டுமென்றால் எழுதியவர் தன்னுடையதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் எல்லாம் ஓட்டுப் போட்டுத்தான். ஆளுக்கு ஒரு ஓட்டு, லைனக்காவுக்கும் ஒன்றே ஒன்று. சண்டை சச்சரவைத் தீர்க்க மாதா மாதம் குலுக்கிப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர்தான் அந்த மாத முறைக்காரர். அடேயப்பா, அந்த முதல் சில வருஷங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். காலை வணக்கப் படங்களை அனுமதிக்கலாமா என்று மூன்று நாள் சண்டை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று தீர்ப்பு. பூப்படத்துக்கு ஆதரவாகப் போராடித் தோற்ற வீட்டுக்காரர், "என் பொண்டாட்டி நடத்துற இடத்துல எனக்கே ஒரு ஓட்டுதானாம்" என்று டெய்லர் கடையில் போய் அழாத குறையாகச் சொன்னார். பழைய தண்ணீர்க் குழாய்த் தகராறு ஒன்றை இரண்டு பேர் மறுபடி கிளப்பியபோது அந்த மாத முறைக்காரர் யாரையும் வெளியேற்றவில்லை. அவர்கள் எழுதுவது அரை மணி கழித்துத்தான் வெளியே போகும்படி செய்யச் சொன்னார். சூடு ஆறியதும் இரண்டு பேரும் தாங்கள் எழுதியதைத் தாங்களே எடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் கிடைக்காத பழைய வாசனை அங்கே கிடைத்தது. பேசினால் காது கொடுத்துக் கேட்டார்கள்.

மாடியும் இருந்தது. பேர் போடாமல் எழுத ஒரு தனி இடம், மொட்டை மாடி என்றே பெயர் வைத்தார்கள். வைக்கும்போது ஒரு பயம் வந்தது, பேர் இல்லாமல் யாராவது மிரட்டினால், அசிங்கமாக எழுதினால் என்ன செய்வது? அதற்காக இரண்டு சாவி ஏற்பாடு. மாடியில் எழுதுகிறவர் யார் என்பது வெள்ளையடிக்கும்வரை பூட்டுப் போட்டு உள்ளே இருக்கும். ஒரு சாவி லைனக்காவிடம், இன்னொன்று அந்த மாத முறைக்காரரிடம். பெரும்பான்மை ஓட்டு விழுந்தால் இரண்டையும் சேர்த்துத் திறக்கலாம். அதுவரை ஒருமுறைகூடத் திறக்க வேண்டி வந்ததில்லை.

அந்த மாடிக்கு ஒருவர் வழக்கமாக வருவார். கேலி, குத்தல், நடுநடுவே ஆறுதல். மருமகளோடு பேச்சு நின்றுபோன ஒருத்திக்கு அவர் எழுதிய பதிலைப் பார்த்து லைனக்காவே கண் கலங்கியிருக்கிறாள். லைனக்காவும் பேர் போடாமல் அங்கே போய் அவரோடு வாயாடுவாள். மத்தியான வேலை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு சாமான் அறை வாசலில் உட்கார்ந்துவிடுவாள். யாரோ ஓய்வு பெற்ற வாத்தியாராக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

மழை பிடித்த ஒரு வாரத்தில் அந்த ஆள் எழுதினார்: "மழை வந்தா நான் கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் பாப்பேன். நல்ல கண்ணு இருக்கிறவங்களுக்கு அது கிடைக்காது, பாவம்."

லைனக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உலகத்தில் கண்ணாடி போட்டவர்கள் எத்தனை பேர், மழையைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர், சும்மா இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூத்தவள் இங்கே எப்படி வருவாள், யார் கொண்டுவந்திருப்பார்கள்? இரண்டு நாள் போயிருக்காது, அடுத்தது வந்தது: "வர்ற செவ்வாய்க்கிழமை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். கையெழுத்துப் போட சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். பொய்தான். திரும்பி வந்தா மாடியில பாக்கலாம்."

அவள் பேர் போடாமல் என்னென்னவோ எழுதிப் பார்த்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள், பதில் இல்லை. தைரியமாக இருங்கள் என்று எழுதினாள், அதற்கும் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை கத்தி வைத்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அக்கா யாருமில்லாமல் போய்விடுவாள். அதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி அந்தப் பூட்டு. சட்டப்படி ஓட்டு விழ வேண்டும், ஆனால் பூட்டுக்கு இன்னொரு சாவி இருந்தால் போதும்.

அந்த மாத முறைக்காரர் நம் டெய்லர்தான். இடித்த குடியிருப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் புதுக் கடை போட்டிருந்தார். லைனக்கா போனபோது கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். சாவி ஒரு பென்டிரைவ். தொலையாமல் இருக்க அதைப் பெரிய கத்திரிக்கோலின் பிடியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். துணி வெட்டும்போதெல்லாம் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

"என்னக்கா, முகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல. அந்தச் சாவி..."

"இதுவா? எடுத்துக்கோங்க." அவர் கயிற்றை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார். "எனக்கு என்னக்கா தெரியும் இதப் பத்தி. எங்க அமுக்கணும்னு சொல்லுங்க, அமுக்குறேன்."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா நீ?"

"உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? நீங்க வச்ச பூட்டு, நீங்க கேக்கறீங்க."

பென்டிரைவ் அவள் உள்ளங்கையில் இருந்தது. ஒரு பொத்தான் கனம்கூட இல்லை. எதிரே டெய்லர் மறுபடி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார், அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் லைனக்காவுக்கு விசையில் கை வைத்துவிட்டுத் தள்ளாமல் இருந்த அந்த மத்தியானம் அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கும் யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கும் அக்கா மேல் இருந்த பிரியத்தில்தான் செய்தாள். திறந்து, பார்த்து, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால் மூத்தவள் என்ன கேட்பாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். எப்படிக் கண்டுபிடிச்ச என்றுதான் கேட்பாள்.

"இந்தா, கட்டி வை" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா ரெண்டு முடிச்சாப் போடு."

"அப்ப எதுக்குக்கா வந்தீங்க? ஜாக்கெட் அளவுக்கா?"

அவள் எழுந்து நடந்தாள். வழி நெடுக அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சந்தின் வருஷக் கூட்டம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மூட்டுவலிக்காரர்கள் நின்றுகொண்டார்கள். ஓட்டுக்கு டெய்லர் கொண்டுவந்த பொத்தான்கள், சம்மதம் என்றால் வெள்ளை, இல்லை என்றால் கறுப்பு. வர முடியாதவர்கள் வழக்கம்போலச் சந்திலேயே ஓட்டுப் போடுவார்கள். அங்கே பேசுவது எல்லாம் அவர்களுக்கும் கேட்கும்படி மேஜையில் ஒரு போன் வைத்திருந்தது.

லைனக்கா எழுந்தாள். "மாடியில இருக்கிற பூட்டை எடுத்துடலாம்னு சொல்றேன். ரெண்டு சாவியும் வேண்டாம். யார் எழுதினாங்கன்னு இனிமே எங்கயுமே இருக்கக் கூடாது. இப்ப இருக்கிறதையும் அழிச்சுடணும்."

சூப்பர்வைசர் அம்மா விடுவாரா? வயசானாலும் குரல் அதே குரல். "நாளைக்கு ஒருத்தன் கண்டபடி எழுதினா யாரைப் பிடிச்சுக் கேக்கறது?"

"எழுத்தை எடுத்துடலாம்மா. முறைக்காரர் பாத்து உடனே மறைக்கலாம், அப்புறம் நாம ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாம். ஆளைப் பிடிக்க முடியாது, அது நிஜம்தான். அதுக்கும் சேத்துத்தான் ஓட்டுப் போடணும்."

"இத்தனை வருஷம் ஒரு தப்பும் நடக்கலையே. உன்னை நம்பித்தானே வச்சிருக்கோம். இப்ப என்ன வந்துச்சு?"

லைனக்கா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். வீட்டுக்காரரைத் தவிரச் சந்தில் யாருக்கும் மூத்தவளைப் பற்றித் தெரியாது, சூப்பர்வைசர் அம்மாவுக்குக்கூட. "அதாம்மா தப்பு. என்னை நம்பி வச்சிருக்கீங்க. எக்ஸ்சேஞ்சிலயும் நீங்க நம்பினீங்க, நான் ஒரு தடவை விசையைத் தள்ளாம உக்காந்து கேட்டேன். கேட்டதை வெளியில சொன்னேன். அதனால ஒரு வாழ்க்கை போச்சு. போன வாரம் டெய்லர் கடை வரைக்கும் போயிட்டேன். சாவி கையில இருந்துச்சு. நல்ல காரணம்தான். ரொம்ப நல்ல காரணம். அப்படி ஒண்ணு எனக்கு மறுபடி வரும். அடுத்த தடவை திருப்பிக் குடுப்பேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

டெய்லர், "நான் ஜாக்கெட் அளவுக்குன்னுதான் நெனச்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சூப்பர்வைசர் அம்மா செருப்பு தேயத் தேய நடந்து போய், டப்பாவில் முதல் பொத்தானைப் போட்டார். வெள்ளை.

கறுப்பும் கணிசமாக விழுந்தது. வெள்ளை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் லைனக்கா சாமான் அறையில் உட்கார்ந்து பூட்டை எடுத்தாள், உள்ளே இருந்த பெயர்களைப் பார்க்காமலே அழித்தாள். டெய்லர் தன் பங்குக்குப் பென்டிரைவைக் கல் மேல் வைத்துக் கத்திரிக்கோல் பிடியாலேயே நசுக்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். எல்லோருக்கும் தெரியும்படி அவள் ஒரு வரி போட்டாள்: "மாடியில் இருப்பது யார் என்று இனி யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. என்னாலும் முடியாது." போட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அக்காவைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டோம் என்றுதான் அவளுக்கு இருந்தது. விசிறி மட்டும் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வீட்டு டெலிபோன் அடித்தது. கூடத்து மூலையில் இருக்கும் பழைய போன். பழகின தோஷத்துக்கு அந்த இணைப்பை அவள் இன்னும் துண்டிக்கவில்லை. எப்போதாவது கடன் வேண்டுமா என்று கேட்டு யாராவது கூப்பிட்டால் உண்டு. வீட்டுக்காரருக்கு அது அடித்தால் போதும், "யாரு, யாரு, யாரு?" என்று மூன்று தரம் கேட்காமல் இருக்க மாட்டார். அன்றைக்கு ஏனோ அவர் சத்தமே காணோம். அவளே எடுத்து, வழக்கப்படி இடது காதில் வைத்தாள்.

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வயசான ஒரு குரல், அதே அதட்டல்.

"லைன்ல வேற யாராவது இருக்காங்களா?"

லைனக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா. நம்ம ரெண்டு பேர்தான்."

"ம். நேத்து நீ பேசினதைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். நானும் ஒரு வெள்ளை போட்டேன்."

"அக்கா..."

"அழாத. எனக்கு நெஞ்சு சரியில்ல, அழற சத்தம் கேக்கக் கூடாது. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும். வர முடியுமா உன்னால?"

"இப்பவே கெளம்பறேன்."

"எங்கன்னு கேக்க மாட்டியா?"

"நீ சொன்னாத்தானே தெரியும்."

மூத்தவள் சிரித்தது கேட்டது. ஆஸ்பத்திரி பேரையும் போகும் வழியையும் சொன்னாள். வைக்கும் முன்னால், "உன் வீட்டுக்காரர்தான் என்னைச் சந்துல கொண்டுவந்து விட்டாரு. இத்தனை வருஷம் வாயைத் தொறக்கலியே அந்த மனுஷன். சொல்லு அவர்கிட்ட, அக்கா கேட்டான்னு" என்றாள்.

லைனக்கா ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்காரர் ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்து, மேல்துண்டால் அதன் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். போனில் யார் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.